இயற்பியல் துறை ஆய்வுப் பிரிவுகளின் தமிழ்ப் பெயர்கள்: பகுப்பு நெறியும் சொல்லாக்கமும்

ஆய்வுச் சுருக்கம்

பல்கலைக்கழக இயற்பியல் துறைகளின் ஆய்வுப் பிரிவுகள் ஒரே அளவுகோலால் பகுக்கப்பட்டவை அல்ல. சில பிரிவுகள் ஆராயும் பொருளாலும், சில பொருளின் நிலையாலும், சில ஆய்வு முறையாலும், சில பொருள்களின் நடத்தையாலும் பெயர் பெற்றுள்ளன. இப்பெயர்களைத் தமிழாக்கும்போது மூலச்சொல்லின் உறுப்புகளை மட்டும் நோக்குவதா, பெயருக்குப் பின்னுள்ள பகுப்பு நெறியை நோக்குவதா என்னும் வினா எழுகிறது. அணு, அணுக்கரு, படிகம், செறிபொருள், நேரியலற்ற இயக்கவியல் ஆகிய சொற்களைச் சான்றாகக் கொண்டு இக்கட்டுரை அவ்வினாவை ஆராய்கிறது. தமிழ்க் கலைச்சொற்களின் பொருட்புலப்பாடு கற்பவருக்குத் துணையாவது போலவே, காரணம் பிழைபடுமிடத்துத் தவறான முடிவுக்கும் அவரை இட்டுச் செல்லும் என்பதும், ஒரு சொல்லைக் கொள்வதற்கும் விலக்குவதற்கும் இதுவே முதன்மையான அளவுகோலாதல் வேண்டும் என்பதும் இக்கட்டுரையின் முடிவுகள்.

திறவுச்சொற்கள்: கலைச்சொல்லாக்கம், இயற்பியல், காரணப்பெயர், இடுகுறிப்பெயர், வினைத்தொகை, இலங்கைத் தமிழ் வழக்கு.

1. முன்னுரை

தமிழ்வழிப் பள்ளிக் கல்வியை முடித்துப் பல்கலைக்கழக இயற்பியல் துறையில் சேரும் மாணவர் முதலில் எதிர்கொள்வன அத்துறையின் ஆய்வுப் பிரிவுப் பெயர்களே. எந்தப் பிரிவில் ஆய்வு செய்வது என்னும் தெரிவு பல நேரங்களில் அப்பெயர்கள் தரும் முதற்கருத்தைச் சார்ந்தே அமைகிறது. ஆங்கிலப் பெயர்களின் உறுப்புகள் பெரும்பாலும் கிரேக்க, இலத்தீன் வேர்களிலிருந்து வந்தவை. அவற்றின் வேர்ப்பொருள் ஆங்கிலம் பேசுவோருக்கே புலப்படுவதில்லை. 'பிசிக்ஸ்' என்னும் சொல்லைக் கேட்கும் ஆங்கில மாணவருக்கு 'பியூசிஸ்' என்னும் கிரேக்கச் சொல்லும் அதன் 'இயற்கை' என்னும் பொருளும் நினைவுக்கு வருவதில்லை. தமிழில் நிலைமை வேறு. 'அணுக்கரு', 'செறிபொருள்', 'நிறமாலை' ஆகியவற்றைக் கேட்டவுடன் அவற்றின் உறுப்புகள் பொருள் தருகின்றன. கேட்பவர் பாடத்தைக் கற்பதற்கு முன்பே பெயரைக் கொண்டு ஒரு கருத்தை வகுத்துக்கொள்கிறார்.

நன்னூல் பெயர்களை இடுகுறி, காரணம் எனப் பகுக்கும். இரண்டும் கலந்த காரண இடுகுறியையும் இலக்கண நூலார் உரைப்பர். இப்பாகுபாட்டின் வழி நோக்கினால், ஆங்கில அறிவியற் பெயர்களிற் பல அம்மொழியினருக்கு இடுகுறியாக நிற்க, அவற்றின் தமிழாக்கங்கள் காரணப்பெயர்களாக நிற்கின்றன. எனவே தமிழ்ச் சொல்லாக்கத்தில் காரணம் சரியாக அமைவது கூடுதல் இன்றியமையாமை உடையது. இயற்பியல் ஆய்வுப் பிரிவுகளின் பெயர்களில் இது எவ்வாறு செயற்படுகிறது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

2. துறைப் பெயர்: பௌதிகமும் இயற்பியலும்

துறையின் பொதுப்பெயரே இரு நெறிகளுக்குச் சான்றாகும். 'பௌதிகம்' என்பது பூதம் என்பதன் அடியாகப் பிறந்த வடசொல். நிலம், நீர், தீ, வளி, வெளி என்னும் ஐம்பூதங்களைச் சார்ந்தது என்பது அதன் காரணம். அஃதாவது, ஆராயப்படும் பொருளைக்கொண்டு துறைக்குப் பெயரிடும் நெறி அது. 'இயற்பியல்' என்பது இயல் என்னும் வேரடியாகப் பிறந்தது. பொருள்களின் இயல்பை ஆராய்வது என்பது அதன் காரணம். இங்குப் பெயர் பொருளை விடுத்துத் தன்மையைச் சுட்டுகிறது.

கிரேக்க மூலத்தின் 'இயற்கை' என்னும் பொருளுக்கு இயற்பியல் என்பதே நெருக்கமானது. அதனினும் முதன்மையான வேறுபாடு ஒன்று உண்டு. ஒளி, ஆற்றல், புலம், காலவெளி ஆகியன பூதங்களுள் அடங்கும் பருப்பொருள்கள் அல்ல. ஆயினும் அவை இயற்பியலின் நடுவான பொருண்மைகள். துறையின் எல்லை விரியும்போது தன்மையைச் சுட்டும் பெயர் அவ்விரிவுக்கு இடந்தருகிறது. இருப்பினும் இலங்கைத் தமிழில் 'பௌதிகவியல்' என்பதே பாடநூல் வழக்கு. அங்கு அச்சொல்லைக் கேட்பவர் ஐம்பூதங்களை நினைப்பதில்லை. காரணப்பெயராகத் தோன்றியது வழக்கால் இடுகுறியின் தன்மையை எய்திவிட்டது. ஒரு சொல்லின் காரணம் பொருந்தாமை மட்டுமே அச்சொல்லை விலக்கப் போதுமானதன்று என்பதை இச்சான்று முதலிலேயே உணர்த்துகிறது.

3. ஆய்வுப் பிரிவுகளின் பகுப்பு நெறிகள்

ஆய்வுப் பிரிவுப் பெயர்களை நால்வகையாகப் பகுக்கலாம். முதலாவது, பொருளாற் பெற்ற பெயர்: அணுக்கரு இயற்பியல், துகள் இயற்பியல், சூரிய இயற்பியல் என்பன போல்வன. இரண்டாவது, நிலையாற் பெற்ற பெயர்: திண்மநிலை இயற்பியல், பிளாஸ்மா இயற்பியல். மூன்றாவது, முறையாற் பெற்ற பெயர்: கோட்பாட்டு இயற்பியல், கணிப்பிய இயற்பியல், நிறமாலையியல். நான்காவது, நடத்தையாற் பெற்ற பெயர்: காந்தவியல், நேரியலற்ற இயக்கவியல்.

சென்னைப் பல்கலைக்கழகத்தின் கிண்டி வளாகம் இவ்வேறுபாட்டுக்கு நல்ல சான்று. அங்குக் கோட்பாட்டு இயற்பியல் துறையும், அணுக்கரு இயற்பியல் துறையும், படிகவியல் மற்றும் உயிர் இயற்பியல் துறையும் தனித்தனியே இயங்கி வந்துள்ளன. முதற்பெயர் ஆய்வு முறையைச் சுட்டுகிறது. இரண்டாம் பெயர் ஆராயப்படும் பொருளைச் சுட்டுகிறது. மூன்றாம் பெயர் ஒரு பொருளையும் வேறோர் அறிவுத்துறையோடு கொண்ட உறவையும் ஒருங்கே சுட்டுகிறது. அணுக்கருவைப் பற்றிய கணித ஆய்வு முதல் துறைக்கும் உரியதாகலாம். இரண்டாம் துறைக்கும் உரியதாகலாம். நெறிகள் வேறுபடுவதால் பிரிவுகள் ஒன்றன்மேல் ஒன்று படிகின்றன. எனவே பிரிவுப் பெயர்களை ஒரே வரிசையில் நின்று ஒன்றையொன்று விலக்கும் வகைகளாகக் கொள்வது பொருந்தாது.

முறையாற் பெற்ற பெயர்களில் 'கோட்பாட்டு இயற்பியல்' தனிக்கவனத்துக்கு உரியது. கோட்பாடு என்பதற்கு மாற்றாகக் 'கருத்தியல்' என்பதும் 'அறிமுறை' என்பதும் வழங்கியுள்ளன. சமூக அறிவியலிலும் இலக்கியத் திறனாய்விலும் கருத்தியல் என்பது இன்று ஒரு குழுவின் உலகநோக்கையும் அரசியற் சார்பையும் குறிக்கும் சொல்லாக நிலைபெற்றுவிட்டது. எனவே 'கருத்தியல் இயற்பியல்' என்றால் சார்புடைய இயற்பியல் என்னும் பிழைப்பொருள் தோன்ற இடமுண்டு. 'அறிமுறை' என்பது 'செய்முறை' என்பதற்கு இணையாக நின்று பாடப்பிரிவைக் குறிக்க ஏற்றது. சமன்பாடுகளையும் மாதிரிகளையும் கொண்டு புதிய முடிபுகளை வருவிக்கும் ஆய்வுநெறியைக் குறிக்கக் கோட்பாடு என்பதே தகுதியுடையது. ஒரு துறையில் பிழையற்றதாக இருந்த சொல், மற்றொரு துறையில் ஏற்படும் பொருள் மாற்றத்தால் பயன்படாமற் போகக்கூடும் என்பது இதனால் பெறப்படுகிறது.

4. அணுவும் அணுக்கருவும்

தமிழ்ச் சமய, தத்துவ மரபில் அணு என்னும் சொல் நெடுங்கால வழக்குடையது. மணிமேகலையின் சமயக்கணக்கர் தந்திறங் கேட்ட காதையில் ஆசீவகரின் கொள்கையாக நிலம், நீர், தீ, காற்று, உயிர் என்னும் ஐவகை அணுக்கள் கூறப்படுகின்றன. சைவ சித்தாந்தத்தில் ஆணவத்தால் சிறுமையுற்ற உயிரையும் அணு என்பர். இவ்வழக்குகளில் நுண்மை என்பதே அடிக்கருத்து. கிரேக்க மூலத்தின் பொருளோ 'பிளக்க இயலாதது' என்பதாகும். 1911ஆம் ஆண்டில் ரூதர்போர்டு அணுவின் நடுவே அதன் நிறையில் மிகப் பெரும்பகுதியைக் கொண்ட சிறுமையம் ஒன்று இருப்பதை நிறுவினார். 1932ஆம் ஆண்டில் சாட்விக் நியூட்ரானைக் கண்டறிந்தார். பின்னர் அணுக்கருவே பிளக்கப்பட்டது. இதனால் கிரேக்கப் பெயரின் காரணம் பொய்யாயிற்று. தமிழ்ப் பெயரின் காரணமாகிய நுண்மை அவ்வாறு பொய்யாகவில்லை. பழஞ்சொல்லைப் புதுப்பொருளுக்கு ஏற்றுக்கொண்டதில் தமிழுக்கு நேர்ந்த நற்பேறு இது.

'அணுக்கரு' என்னும் கூட்டுச்சொல்லும் செப்பமானது. இலத்தீன் மூலத்துக்குப் பருப்பு, விதையின் உள்ளீடு என்பது பொருள். தமிழ் 'கரு' என்பதைக் கொண்டது. கருப்பொருள், கதைக்கரு முதலிய வழக்குகளால், ஒன்றன் தன்மையைத் தீர்மானிக்கும் உட்பொருள் என்னும் கருத்தும் அதில் சேர்கிறது. ஒரு தனிமம் எது என்பதை அதன் அணுக்கருவிலுள்ள புரோட்டான்களின் எண்ணிக்கையே தீர்மானிக்கிறது. ஆதலின் இக்கூடுதற் கருத்து அறிவியலுக்கும் முரணாகாது.

இடர் எழுவது வேறிடத்தில். பொதுவழக்கில் அணுகுண்டு, அணு உலை, அணுமின் நிலையம் என அணு என்னும் சொல்லே வழங்குகிறது. ஆங்கிலத்திலும் இத்தகைய கலப்பு உண்டு. ஆனால் அணு இயற்பியல், அணுக்கரு இயற்பியல் என்னும் இரண்டும் ஆய்வுத் துறையில் வேறு வேறு பிரிவுகள். முன்னது அணுவின் எலக்ட்ரான் அமைப்பையும் ஒளியோடு அது கொள்ளும் தொடர்பையும் ஆராய்வது. பின்னது கருவின் கட்டமைப்பையும் சிதைவையும் வினைகளையும் ஆராய்வது. இரண்டுக்கும் இடையிலுள்ள தொலைவை ஆற்றலின் அளவு காட்டும். ஐதரசன் அணுவிலிருந்து எலக்ட்ரானை நீக்கத் தேவைப்படுவது 13.6 எலக்ட்ரான் வோல்ட். ஒரு யுரேனியம் அணுக்கரு பிளவுறும்போது வெளிப்படுவது ஏறத்தாழ 200 மில்லியன் எலக்ட்ரான் வோல்ட். கோடி மடங்குக்கும் மேற்பட்ட இவ்வேறுபாட்டை 'அணு' என்னும் ஒரே சொல் மறைத்துவிடுகிறது. எனவே, பொதுவழக்கில் அணுமின் நிலையம் என்பதை மாற்றுவது இயலாதெனினும், ஆய்வு நூல்களில் கரு என்னும் உறுப்பை விடாது வழங்குதல் வேண்டும்.

'மின்னணு' என்பது இவ்வகையில் மற்றொரு சிக்கல். எலக்ட்ரான் அணுவன்று; அணுவின் உறுப்பு. உறுப்பை முழுமையின் பெயரால் அழைப்பது மின்னணு என்னும் சொல். ஆயினும் மின்னணுவியல், மின்னணுக் கருவி, மின்னணு வாக்குப்பதிவு என அச்சொல் மக்கள் வழக்கில் வேரூன்றிவிட்டது. அங்கெல்லாம் அது ஒரு தொழில்நுட்பத்தின் பெயராகவே நிற்கிறது. கேட்பவர் எவரும் அதிலிருந்து அணுவின் அமைப்பைப் பற்றி முடிவு செய்வதில்லை. எனவே தொழில்நுட்பப் பெயராக மின்னணுவியலைக் கொள்ளலாம். அணுவின் அமைப்பை விளக்கும் பாடத்தில் மட்டும் எலக்ட்ரான் அல்லது இலத்திரன் என்பதைக் கொள்வதே தெளிவு. ஒரு பிழைக்காரணம் எங்கே கற்பவரின் அறிவைத் திரிக்கும், எங்கே திரிக்காது என்பதைக் கொண்டு முடிவு செய்யவேண்டும் என்பதற்கு இது எடுத்துக்காட்டு.

5. படிகவியல்: பொருட்பெயர் முறைப்பெயர் ஆனமை

1912ஆம் ஆண்டில் இலாவே வகுத்த கருத்தின்படி, ஊடுகதிர்கள் படிகத்தின் வழியே செல்லும்போது விளிம்பு விளைவுக்கு உட்படுவது கண்டறியப்பட்டது. பிராக் தந்தையும் மகனும் அவ்விளைவைக் கொண்டு படிகத்தினுள் அணுக்கள் அமைந்துள்ள ஒழுங்கை அளக்கும் முறையை வகுத்து 1915ஆம் ஆண்டு நோபல் பரிசு பெற்றனர். அதற்கு முன் படிகவியல் என்பது படிகங்களின் புறவடிவையும் கோணங்களையும் ஆராயும் துறை. அதற்குப் பின் அது பொருள்களின் உள்ளமைப்பை அணு அளவில் அறியும் முறையாக மாறியது. பெயர் மாறவில்லை, பகுப்பு நெறி மாறியது.

இம்மாற்றத்தின் சிறந்த சான்று சென்னையிலேயே உண்டு. கோ. நா. இராமச்சந்திரன் 1952ஆம் ஆண்டில் சென்னைப் பல்கலைக்கழக இயற்பியல் துறையின் தலைவராகப் பொறுப்பேற்றார். தோல், எலும்பு, தசைநாண் ஆகியவற்றில் காணப்படும் கொலாசன் என்னும் புரதத்தின் அமைப்பை அறிவதை அவர் ஆய்வுப்பொருளாகக் கொண்டார். சென்னையிலுள்ள மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனத்தின் உதவியும், கங்காருவின் வால் தசைநாணிலிருந்து பெற்ற இழைகளின் ஊடுகதிர்ப் படங்களும் இவ்வாய்வுக்குத் துணைநின்றன. 1954ஆம் ஆண்டில் கோபிநாத் கர்த்தாவுடன் இணைந்து அவர் மூவிழைச் சுருள் அமைப்பை முன்வைத்தார். அடுத்த ஆண்டில் அம்மாதிரி மேலும் திருத்தம் பெற்றது. 1963ஆம் ஆண்டில் இராமகிருஷ்ணன், சசிசேகரன் ஆகியோருடன் அவர் வெளியிட்ட ஆய்வு இன்று 'இராமச்சந்திரன் வரைபடம்' என வழங்குகிறது. புரதச் சங்கிலியில் ஒவ்வோர் அலகிலும் இரு பிணைப்புகளைச் சுற்றிய முறுக்குக் கோணங்கள் உள்ளன. அணுக்கள் ஒன்றையொன்று மோதாதவாறு அக்கோணங்கள் பெறத்தக்க மதிப்புகள் எவை என்பதை அவ்வரைபடம் காட்டுகிறது. புதிதாக அறியப்படும் புரத அமைப்புகளின் சரிமையைச் சோதிக்க உலகெங்கும் இன்றும் அது பயன்படுகிறது.

கொலாசன் இழை, உப்பு அல்லது வைரம் போன்ற படிகமன்று. ஆனால் அதனை ஆராய்ந்த முறை படிகவியல் முறை. ஆதலின் 'படிகங்களை ஆராயும் துறை' என்று படிகவியலுக்கு வரையறை கூறினால் இராமச்சந்திரனின் பணியே அதனுள் அடங்காமற் போகும். 'அலைகளின் விளிம்பு விளைவைக்கொண்டு பொருள்களின் அணு ஒழுங்கை அறியும் துறை' என்பதே இன்றைய படிகவியலுக்குப் பொருந்தும் வரையறை. இதற்கு மாறாக, அண்ணா பல்கலைக்கழகத்தின் படிக வளர்ச்சி மையத்தின் பெயரில் படிகம் பொருளாகவே நிற்கிறது. வேண்டிய பண்புகளையுடைய படிகங்களைக் கரைசலிலிருந்தும் உருகலிலிருந்தும் வளர்த்தெடுத்தல் அவ்வாய்வுப் புலத்தின் நோக்கம். ஒரே சொல் ஓரிடத்தில் முறையையும் ஓரிடத்தில் பொருளையும் சுட்டுவதைக் கலைச்சொல் அகராதிகள் பதிவு செய்தல் வேண்டும்.

உயிர் இயற்பியல் என்னும் பெயரில் ஓர் இலக்கண நுட்பம் உண்டு. தமிழ்த் தொகைச் சொல்லில் தலைமைச்சொல் இறுதியில் நிற்கும். எனவே உயிர் இயற்பியலில் தலைமை இயற்பியலுக்கு உரியது. உயிர்வேதியியலில் வேதியியலுக்கு உரியது. புணர்த்து எழுதும்போது 'உயிரியற்பியல்' என்றாகும். விரைந்து படிப்பவர் இதனை 'உயிரியல்' என்பதன் திரிபாகக் கொள்ளக்கூடும். சொற்புணர்ச்சி இலக்கணப்படி சரியாயினும், உறுப்புகளின் எல்லை மறையுமிடத்துப் பிரித்தெழுதுதலே கலைச்சொல்லுக்கு ஏற்றது.

6. திண்மநிலையிலிருந்து செறிபொருளுக்கு

இயற்பியலில் மிகப் பெரிய ஆய்வுப் பிரிவுகளுள் ஒன்று நிகழ்ந்த காலத்திலேயே தன் பெயரை மாற்றிக்கொண்டது. அமெரிக்க இயற்பியல் கழகத்தில் 1947ஆம் ஆண்டில் திண்மநிலை இயற்பியலுக்குரிய பிரிவு தோன்றியது. 1967ஆம் ஆண்டில் கேம்பிரிட்ஜில் பிலிப் ஆண்டர்சனும் வோல்கர் ஐனும் தம் ஆய்வுக்குழுவின் பெயரிலிருந்த 'சாலிட் ஸ்டேட்' என்பதைக் 'கண்டென்ஸ்டு மேட்டர்' என மாற்றினர். 1978ஆம் ஆண்டில் அமெரிக்கக் கழகத்தின் பிரிவும் அப்பெயரை ஏற்றது. காரணம் வெளிப்படை. தாழ்வெப்பநிலையில் உராய்வின்றி ஓடும் நீர்ம ஈலியம், நீர்மப் படிகங்கள், பல்லுறுப்பிகள் முதலியன திண்மங்கள் அல்ல. ஆயினும் அவற்றை ஆராயும் கருத்துகளும் கணிதமும் திண்மங்களுக்கு உரியவையே. பெங்களூரில் இராமன் ஆய்வு நிறுவனத்தில் எஸ். சந்திரசேகரும் உடனாய்வாளரும் 1977ஆம் ஆண்டில் கண்டறிந்த தட்டுவடிவ மூலக்கூறுகளாலான நீர்மப் படிகங்கள் இத்தகைய இடைநிலைப் பொருள்களே. நீர்மம்போல் ஓடும் தன்மையும் படிகம்போல் ஒழுங்கும் ஒருங்கேயுடைய அவற்றைத் திண்மநிலை என்னும் பெயர் தாங்காது.

இப்புதுப்பெயரைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் 'சுருக்கப்பட்ட பொருள்', 'ஒடுக்கப்பட்ட பொருள்' என அமையும். இரண்டும் புறவிசையால் அழுத்தப்பட்ட பொருள் என்னும் பிழைக்கருத்தைத் தரும். உண்மையில், அணுக்களும் மூலக்கூறுகளும் தம்முள் வலுவாக இடைவினை புரியுமளவுக்கு நெருங்கி நிற்றலே அப்பெயரின் கருத்து. 'செறிபொருள்' என்னும் ஆக்கம் இக்கருத்தைத் தருகிறது. செறிதல் என்பது தன்வினை. தாமே நெருங்குதலைச் சுட்டுவது. மேலும் செறிபொருள் என்பது வினைத்தொகை. எரிபொருள், எறிபொருள் என்பவற்றைப் போலவே மூன்று காலத்துக்கும் பொதுவாய் நிற்பது. எரிந்த, எரிகின்ற, எரியும் பொருள் என எரிபொருள் விரிவது போலச் செறிபொருளும் விரியும். 'செறிந்த பொருள்' என்று பெயரெச்சத்தால் கூறினால் முடிந்துபோன ஒரு நிகழ்ச்சி சுட்டப்படும். வினைத்தொகையோ காலம் கடந்த தன்மையைச் சுட்டும். அறிவியற் பெயர் வேண்டுவது இதுவே. பழந்தமிழ் இலக்கண வடிவம் ஒன்று நவீனச் சொல்லாக்கத்துக்கு வளமாவதை இங்குக் காணலாம்.

வேதியியலில் 'செறிவு' என்பது கரைசலில் கரைபொருளின் அளவைக் குறிப்பதால் குழப்பம் நேராதோ என்னும் தடை எழலாம். செறிவு என்பது அளவுப்பெயர். செறிபொருள் என்பது வகைப்பெயர். சொல்வடிவே வேறுபடுவதால் அக்குழப்பம் நேர வாய்ப்பில்லை. ஆனால் 'செறிவுப் பொருள்' என்று ஆக்கியிருப்பின் அத்தடை வலியுடையதாகும்.

7. நேரியலற்ற இயக்கவியல்

நடத்தையாற் பெற்ற பெயர்களுள் சொல்லாக்கச் சிக்கல் மிகுந்தது இது. திருச்சிராப்பள்ளிப் பாரதிதாசன் பல்கலைக்கழகத்தின் நேரியலற்ற இயக்கவியல் மையம் இத்துறையில் அறியப்பட்டது. கே. முரளி, மு. இலட்சுமணன், லியோன் சுவா ஆகியோர் பெயரால் வழங்கும் எளிய மின்சுற்று 1994ஆம் ஆண்டில் அறிமுகமானது. சில உறுப்புகளே கொண்ட அச்சுற்றில் ஒழுங்கான அலைவு படிப்படியாக மாறி, முன்னறிய இயலா அலைவாவதைக் காணலாம்.

'நேர்' என்னும் சொல்லுக்கு இயற்பியற் பாடத்தில் மூன்று பொருள்கள் வழங்குகின்றன. நேர்கோடு என்பதில் வளையாமை. நேர்மின்னூட்டம் என்பதில் எதிர் என்பதன் மறுதலை. நேர்விகிதம் என்பதில் ஒன்று பெருக மற்றொன்றும் அதே விகிதத்தில் பெருகுதல். இத்துறைப் பெயருக்கு உரியது மூன்றாம் பொருளே. இதனை அறியாது 'நேர்கோடல்லா இயக்கவியல்' என்று பெயர்த்தால் முதற்பொருளே தோன்றும். வளைந்த பாதையில் நிகழும் இயக்கம் என்று மாணவர் கொள்வர். உண்மையோ இதற்கு மாறானது. எறியப்பட்ட பந்து, காற்றுத்தடையை நீக்கி நோக்கினால், வளைந்த பரவளையத்தில் செல்கிறது. ஆனால் அதன் இயக்கச் சமன்பாடு நேரியல் சார்ந்தது. ஊசல் ஒன்று பெருவீச்சில் ஆடும்போது அதன் பாதை வெறும் வட்டவில். ஆனால் அதன் சமன்பாடு நேரியலற்றது. மீள்விசை இடப்பெயர்ச்சிக்கு நேர்விகிதத்தில் அமையாமையே காரணம். பாதையின் வடிவுக்கும் இப்பெயருக்கும் தொடர்பில்லை.

'நேரியலா இயக்கவியல்' என்னும் சுருங்கிய வடிவமும் பொருந்தாது. இயலா என்பது 'இயலாத' என்னும் ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சமாகத் தோன்றி 'நேராக இயங்கமாட்டாத' என்னும் பொருளைத் தரும். எனவே நேரியல் என்பதை ஒரு தனிக்கலைச்சொல்லாக முதலில் வரையறுத்து, அதனோடு 'அற்ற' என்பதைச் சேர்த்தலே தக்கது. 

இப்பிரிவின் நடுவான கருத்தைக் 'குழப்பம்' என்று பெயர்ப்பதிலும் இதே இடர் உண்டு. குழப்பம் என்பது விதியின்மையை உணர்த்தும். இங்கோ சமன்பாடு திட்டமானது. தொடக்கநிலை முற்றிலும் துல்லியமாகத் தெரிந்தால் விளைவும் திட்டமானது. தொடக்கநிலையில் உள்ள மிகச் சிறு வேறுபாடு விரைவில் பெருகுவதாலேயே நெடுங்கால முன்னறிவிப்பு இயலாமற் போகிறது. இக்கருத்தைத் தாங்கும் தமிழ்ச்சொல் நிலைபெறும் வரை 'கேயாஸ்' என்னும் ஒலிபெயர்ப்பைக் கொள்வதே பிழைக்கருத்தைத் தவிர்க்கும் வழி. ஒலிபெயர்ப்பு பொருள் தருவதில்லை. ஆயின் தவறான பொருளையும் தருவதில்லை.

8. இரு நிலத்து வழக்குகள்

தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் அறிவியற் கல்வி தமிழில் தனித்தனியே வளர்ந்தமையால் ஒரே கருத்துக்கு இரு சொற்கள் அமைந்தன. துகள், துணிக்கை, முடுக்கம், ஆர்முடுகல், அழுத்தம், அமுக்கம், கதிரியக்கம், கதிர்த்தொழிற்பாடு என்னும் இணைகள் அறியப்பட்டவை. இவற்றால் பெருங்கேடு இல்லை. ஒன்றை அறிந்தவர் மற்றொன்றைப் புதுச்சொல்லாகக் கற்றுக்கொள்வர்.

படிகம், பளிங்கு என்னும் இணை சற்று வேறானது. இலங்கை வழக்கில் பளிங்கு என்பதே அறிவியற் சொல். தமிழ்நாட்டில் இன்று பளிங்கு என்றால் பெரும்பாலும் தரையிலும் தூணிலும் பதிக்கும் சலவைக்கல்லையே நினைப்பர். பழைய இலக்கிய வழக்கோ இலங்கை வழக்கை ஒத்தது. திருக்குறளில் குறிப்பறிதல் அதிகாரத்தில் பளிங்கு, தன்னை அடுத்ததைக் காட்டும் தெளிந்த பொருளாக உவமையில் வருகிறது. மணிமேகலையின் பளிக்கறையும் உள்ளிருப்போரைப் புறத்தே காட்டும் தன்மையது. 'படிகம்' என்பது ஸ்படிகம் என்பதன் தமிழ் வடிவம். துறைப்பெயரில் வடசொல்லை விடுத்த தமிழ்நாட்டு வழக்கு இங்கு வடமொழி வழிவந்த சொல்லையும், துறைப்பெயரில் வடசொல்லைப் பேணிய இலங்கை வழக்கு இங்குப் பழந்தமிழ் நூல்களில் பயின்ற சொல்லையும் கொண்டுள்ளன. எந்த வழக்கும் ஒரே கொள்கையால் மட்டும் இயங்கவில்லை என்பதை இது காட்டும்.

உண்மையான இடர், சொல் ஒன்றாகவும் பொருள் வேறாகவும் அமையும் இடத்திலேயே உள்ளது. தமிழ்நாட்டுப் பாடநூல்களில் 'நிறை' என்பது பொருளின் பருமையளவு. அதன்மேல் செயற்படும் ஈர்ப்புவிசை 'எடை'. இலங்கைப் பாடநூல்களில் பருமையளவு 'திணிவு', ஈர்ப்புவிசையே 'நிறை'. சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்ற சுப்பிரமணியன் சந்திரசேகர் வெண்குறுமீன்களுக்கு வகுத்த எல்லை ஏறத்தாழ 1.4 சூரிய நிறை என்று தமிழ்நாட்டு நூல் கூறும். இலங்கை மாணவர் அத்தொடரைத் தம் வழக்கின்படி படித்தால், பருமையளவைச் சுட்டும் எல்லையை விசையளவாகக் கொள்ள நேரும். நிறையும் எடையும் வேறு என்பது இயற்பியலின் முதற்பாடங்களுள் ஒன்று. அவ்வேறுபாட்டைக் கற்பிக்கும் சொல்லே அதனைக் கலைப்பதாக அமைவது விரைந்து தீர்க்கவேண்டிய சிக்கல். 'திணிவு' என்பது தமிழ்நாட்டில் வேறு பொருளில் நிலைபெறாமையாலும், 'எடை' இருநிலத்தாருக்கும் விளங்குமாதலாலும், இருதரப்பு வாசகரையும் நோக்கும் நூல்களில் 'திணிவு', 'எடை' என்னும் இணையைக் கொண்டு 'நிறை' என்பதைத் தவிர்த்தல் ஒரு வழி. அது இயலாதவிடத்து முதல் வழக்கிலேயே வரையறையைத் தருதல் கட்டாயமாகும்.

9. முடிவுரை

மேற்கண்ட ஆய்விலிருந்து பெறப்படும் முடிவுகள் வருமாறு:

அ. ஆய்வுப் பிரிவுப் பெயர்கள் பொருள், நிலை, முறை, நடத்தை என்னும் நான்கு நெறிகளால் அமைகின்றன. தமிழாக்கம் மூலச்சொல்லின் உறுப்புகளைவிட இந்நெறியையே முதலில் நோக்குதல் வேண்டும்.

ஆ. ஒரு பெயர் மாறாதிருக்க, அதன் நெறி மாறக்கூடும். படிகவியல் இதற்குச் சான்று. நெறி மாறியதால் பெயரே மாறுவதும் உண்டு. செறிபொருள் இயற்பியல் இதற்குச் சான்று. எனவே சொல்லுக்குச் சொல் நிகர்தரும் பட்டியலினும் வரையறையோடு கூடிய கலைச்சொல் அகராதியே பயன்மிக்கது.

இ. பிழைபட்ட காரணத்தையுடைய சொற்கள் அனைத்தையும் விலக்க வேண்டியதில்லை. பௌதிகவியல், மின்னணுவியல் போல இடுகுறித்தன்மை எய்திய சொற்கள் கற்பவரைத் திரிப்பதில்லை. நேர்கோடல்லா, குழப்பம், கருத்தியல் என்பன போலத் தவறான முடிவுக்கு இட்டுச்செல்லும் சொற்களே விலக்கத்தக்கன.

ஈ. இரு நிலத்து வழக்குகளுள் சொல் வேறுபாட்டைவிடப் பொருள் வேறுபாடே முதலில் தீர்க்கத்தக்கது.

இவற்றுள் எதுவும் இயற்பியலாளரால் மட்டுமோ தமிழாய்வாளரால் மட்டுமோ நிறைவேறுவதன்று. ஊசலின் சமன்பாடு நேரியலற்றது என்பதை இயற்பியலாளர் கூறவேண்டும். 'நேரியலா' என்பது வேறு பொருள் தரும் என்பதைத் தமிழாய்வாளர் கூறவேண்டும். ஒரே வளாகத்தில் இயங்கும் இவ்விரு துறைகளும் ஒரு சொல்லைப் பற்றி ஒருங்கிருந்து ஆராயும் மரபு உருவாதல், தமிழில் உயர் அறிவியல் எழுதப்படுவதற்கு முதற்படியாகும்.